தறிச் சத்தத்துல கேக்காது

உக்காருங்க அண்ணாச்சி. பைய மேல போடவா? சரி, மடியிலயே இருக்கட்டும். அருப்புக்கோட்டையா? அப்ப ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் எறங்கணும். நல்லதாப் போச்சு. முக்கா மணி நேரம் பேசாம உக்காரச் சொன்னா எனக்கு நாக்கு தடிச்சுப் போகும்.

அந்தா முன்னாடி, டிரைவருக்குப் பின்னால மூணு பேரு சீட்டுல, பச்சைச் சேலை கட்டி ஓரத்துல உக்காந்திருக்கா பாருங்க, அதான் என் வீட்டுக்காரி. குருவம்மா. 'நீங்க பின்னாடி போயி உக்காருங்க'ன்னுட்டா. இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்தியாச்சு, பஸ்சுல பக்கத்துல எடமில்ல. கேட்டா அங்க மூணு பேரு இருக்காகளாம். எனக்குத் தெரியாதா மூணு பேரு இருக்காகன்னு.

கண்டக்டரு எப்படி மூக்காலயே பேசுறாரு பாத்தீகளா? 'உள்ள போங்ங்க, உள்ள போங்ங்க, உள்ள என்ன புலியா படுத்திருக்கு.' பாருங்க, திரும்பிப் பாக்குறாரு. நாமதான் பேசினமா இல்ல வேற எவனுமான்னு அவருக்கே சந்தேகம். எனக்கு இது சின்னதுலருந்து. யாரு பேசினாலும் காதுல ஒட்டிக்கிரும், அப்படியே வாயில வந்துரும். பேரு அழகுசுந்தரம். எங்க தெருவுல போயி அழகுசுந்தரம்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. ரேடியோன்னு கேளுங்க, வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுருவாய்ங்க.

கோர்ட்டுக்குப் போயிட்டு வாரேன். ஒதுங்காதீக, களவாண்டுட்டு இல்ல. சாட்சி. பக்கத்து வீட்டுப் பொம்பளை, முனீஸ்வரின்னு பேரு. புருசன் அடிக்கிறான்னு வீட்ட விட்டு வெளியேறினா. பெத்த புள்ளைய அவன் குடுக்க மாட்டேங்கிறான். அவன் அடிச்சான்னு நான் போயிச் சொன்னாத்தான் புள்ளை அவ கைக்கு வரும்னு வக்கீலு சொல்லிட்டாக. சரின்னு போனேன். ஒரு நாள் கூலி போச்சு. காலையில ஒம்பது மணிக்குப் போயி இப்ப மணி நாலரை. வாயத் தொறந்தேன். தொறந்ததுக்கு ஒரு நன்றி? ஒரு பார்வை? இருங்க, மொதல்லருந்து வாரேன். நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு.

நீங்க தறி பாத்திருக்கீகளா? கைத்தறி இல்ல, கரண்டுத் தறி. எங்க தெருவுல வீட்டுக்கு நாலு, வீட்டுக்கு ஆறுன்னு கெடக்கும். காலையில சுவிட்சப் போட்டா டடக் டடக் டடக்னு தெருவே குலுங்கும். வெளியூர்க்காரன் வந்தா ரெண்டு கையாலயும் காதப் பொத்துவான். பொண்ணு பாக்க வந்தவன் ஒருத்தன், பொண்ணு பேரு கேட்டு நாலு தடவை சொல்லியும் வெளங்காம, கடைசியில எழுதி வாங்கிட்டுப் போனான். ஆனா எங்களுக்கு அப்படி இல்ல. ஆறு தறி ஓடயில, ஆறாவது தறியில ஒரு இழை அறுந்தா இந்தக் கோடியில நிக்கிற எனக்குத் தெரியும். சத்தத்துக்குள்ள சத்தம் கேக்குறதுதான் எங்க பொழப்பே. தொட்டில்லயே அதக் கேட்டு வளந்த காது. அந்த எரைச்சல்ல அடுத்த வீட்டுக் குழம்பு கொதிக்கிறதக் கூடச் சொல்லிப்புடலாம்.

இது உள்ளூர்க்காரனுக்குத் தெரியும். முனீஸ்வரி வெளியூரு. சாயல்குடிப் பக்கம். காத்துச் சத்தமும் கடல் சத்தமும் கேட்டு வளந்தவ. கல்யாணமாகி வந்த புதுசுல பஞ்ச காதுல வச்சுக்கிட்டுத்தான் சோறாக்குவா. அவளுக்கு எப்படித் தெரியும்?

சரி, புருசனுக்குத் தெரியணுமில்ல? அவன் பேரு தனபாலன். ஆறு தறிக்கு மொதலாளி. ஆனா தறி ஓட்டத் தெரியாது. அப்பன் பலசரக்குக் கடைக்காரரு. இவன் கடைய வித்துத் தறி வாங்கினவன். ஆளு வச்சு ஓட்டுவான். தறியில நிக்காத காதுக்கு எங்கிட்டுத் தெரியும். அதனால அவனும் நெனச்சிருக்கான், தறி ஓடயில ஒன்னும் கேக்காதுன்னு.

நல்ல மனுசன் அண்ணாச்சி, வெளிய பாத்தா. குடி கெடையாது. பீடி கெடையாது. கோயில் கமிட்டியில பொருளாளரு. நெத்தியில விபூதி. நம்மளப் பாத்தா 'என்ன ரேடியோ, சாப்டாச்சா'ன்னு கேப்பான். குரலு எப்படிங்கிறீக, இளநி தண்ணி மாதிரி. ஒரு நாளும் ஒசந்து நான் கேட்டதில்ல. மத்தியானம் மூணு மணி வாக்குல, தெருவுல எல்லாத் தறியும் ஓடுற நேரமாப் பாத்து அவன் வீட்டுக் கதவு சாத்தும். தறி மோட்டாருக்குப் போடுற பெல்ட்டு இருக்குல்ல, அதுல ஒரு துண்டு வச்சிருந்தான். செவுத்துக்கு அங்கிட்டு அவன் வீடு, இங்கிட்டு நான் ஓட்டுற தறி. மொதல்ல அவன் கேப்பான்: 'மோர்ல உப்புப் போடச் சொன்னேன். சொன்னேனா இல்லையா?' அவ 'சொன்னீங்க'ம்பா. 'அப்ப எத்தனை?' அப்புறம் அவன் மெல்ல, சாமி கும்பிடச் சொல்லுற மாதிரி, சொல்லுவான்.

'எண்ணும்மா.'

அந்த 'ம்மா'வுலதான் அண்ணாச்சி விசயமே இருக்கு. கொஞ்சம் இழுக்கணும். புள்ளைக்குச் சோறூட்டுற மாதிரி. அவ எண்ணணும். ஒவ்வொரு அடிக்கும் அவளே எண்ணணும். எண்ணாட்டி மொதல்லருந்து. ஒன்னு. ரெண்டு. மூணு. சில நாளு நாலோட நிக்கும். சில நாளு ஏழு. தெருவே கேக்கும். ஏழுக்கு மேல போன அன்னைக்கு எதுத்த வீட்டுக் கெழவரு தறிய நிப்பாட்டிட்டு வெத்தலை போடப் போயிருவாரு. மனசு தாங்காதாம்.

பாருங்க, முன்னாடி அந்தச் சின்னப் புள்ளை திரும்பிப் பாக்குது. நான் குரல் மாத்திப் பேசினா புள்ளைகளுக்குப் பிடிக்கும். இந்தா, கைய ஆட்டுறேன். திரும்பிக்கிருச்சு. சரி.

என் வீட்டுக்காரி ஒருக்கா, முனீஸ்வரி வந்து ரெண்டாவது வருசமோ மூணாவது வருசமோ, சாதம் வடிச்சுக்கிட்டு இருந்தவ கரண்டியோட வந்து செவுத்துல டங்கு டங்குன்னு தட்டிட்டா. அங்கிட்டு அப்படியே நின்னு போச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஓடிப் போயி கரண்டியப் பிடுங்கினேன். 'அடி கூறு கெட்டவளே, அடுத்த வீட்டு வெவகாரம் உனக்கு எதுக்கு. நாளைக்கு நம்ம தெருவுல மூஞ்சி கொடுத்துப் பேச வேண்டாமா'ன்னேன். தப்பா? நாளைக்கு அவன் வந்து, 'என் வீட்டுல என்ன நடந்தா உனக்கென்ன'ன்னு கேட்டா நான் என்ன சொல்ல?

மறுநா காலையில அந்தப் புள்ளை முனீஸ்வரி எங்க வாசலுக்கு வந்தா. தண்ணிக் கொடம் இடுப்புல. சிரிச்ச மூஞ்சி. 'அக்கா, நேத்து செவுத்துல ஆணி அடிச்சீகளா?' குருவம்மா என்னையப் பாக்குறா. நான் உள்ள இருந்து, நல்ல நேரத்துக்குப் புத்தி வேலை செஞ்சுச்சு, 'ஆமாம்மா, காலண்டர் மாட்டினோம்'னேன். அவ மூஞ்சி அப்படியே தெளிஞ்சுச்சு அண்ணாச்சி. 'அப்படியா அண்ணே, சரி சரி'ன்னுட்டுப் போயிட்டா. நான் உடனே கடைக்குப் போயி ஒரு ஆணி வாங்கியாந்து, அதே எடத்துல அடிச்சு, காலண்டர மாட்டிட்டேன். சொன்ன சொல்லுக்கு நேர்மையா இருக்கணுமில்ல. வருசா வருசம் அதே ஆணிதான். மளிகைக் கடையில குடுக்குற காலண்டரு.

அப்புறம் டீக்கடை. அத மறைச்சு என்ன. சாயங்காலம் தறி நிப்பாட்டிட்டு போனா, 'ரேடியோ, இன்னைக்கு என்ன நிகழ்ச்சி'ம்பாய்ங்க. நான் கவுன்சிலரு மாதிரி பேசுவேன், கோயில் பூசாரி மாதிரி பேசுவேன், கடைசியில தனபாலன் மாதிரி. 'எண்ணும்மா.' சிரிச்சுக்கிட்டே டீயக் கொட்டிருவாய்ங்க. நாளாக ஆக அது தெருவுக்கே வழக்குப் பேச்சாப் போச்சு. பயலுக கிரிக்கெட்டு விளையாடயில ரன்னு எடுத்தா 'எண்ணும்மா'ம்பாய்ங்க. பலசரக்குக் கடையில முட்டை கொடுத்தா 'எண்ணும்மா'ம்பாக. யாரு ஆரம்பிச்சதுன்னே மறந்து போச்சு. நான்தான். பெருமைக்குச் சொல்லல.

பதினோரு வருசம் ஓடிருச்சு. எடையில ஒரு பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு. கனிஷ்கான்னு பேரு வச்சாக. நல்ல புள்ளை. செவுத்துக்கு அங்கிட்டு இருந்து 'ரேடியோ மாமா, பூனை'ன்னு கத்தும். நான் இங்கிட்டு இருந்து மியாவ்ம்பேன். 'மாமா, கோழி.' கொக்கரக்கோம்பேன். தறி ஓடயிலயே கத்தும், எனக்கும் கேக்கும், அதுக்கும் கேக்கும்.

போன ஐப்பசியில டவுன்ல இருக்குற பெண்கள் உதவி மையத்துலருந்து ஜெசிந்தான்னு ஒரு மேடம் வந்தாக. கூட நாலஞ்சு புள்ளைக, ஒரு தப்பு மேளம், ஒரு பேனரு. குடும்ப வன்முறையப் பத்தி வீதி நாடகம் போடுறாகளாம். எங்க தெரு முக்குல. பாத்தா, புருசன் வேசம் கட்டுற பையனுக்குக் காய்ச்சல், வரல. 'இந்தத் தெருவுல யாராச்சும் நடிப்பீங்களா'ன்னு கேட்டாக. கேக்கணுமா? நாலு பேரு என்னையப் பிடிச்சு முன்னாடி தள்ளிட்டாய்ங்க.

ஒரு பேப்பரக் குடுத்தாக. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு புள்ளை படிச்சுக் காட்டுச்சு. புருசன் குடிச்சுட்டு வாரான், பாட்டில ஆட்டுறான், 'ஏண்டி, எங்கடி சோறு'ன்னு கத்துறான். ரெண்டு வரி பேசினேன். எனக்கே ஒப்பல. சனம் கொட்டாவி விடுது. குடிகாரன் வேசம் எவன் வேணா கட்டலாம், நாக்க மடிச்சாப் போதும். அதுல என்ன இருக்கு? பாட்டிலக் கீழ வச்சுட்டு, சட்டைக் கைய இறக்கி விட்டுக்கிட்டு, நெத்தியில விபூதி பூசுற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தேன். சனம் நிமிந்துச்சு. 'மோர்ல உப்புப் போடச் சொன்னேன். சொன்னேனா இல்லையா?' அம்புட்டுதான், கைதட்டலு. விசிலு. பொண்டாட்டியா நடிச்ச புள்ளைக்கு இந்தப் பாட்டு தெரியாது, முழிக்குது. அதனால அவ குரலையும் நானே பேசினேன். 'சொன்னீங்க.' 'எண்ணும்மா.' 'ஒன்னு. ரெண்டு. மூணு.' தெருவே சிரிக்குது. முன் வரிசையில உக்காந்திருந்த பயலுக எங்கூடச் சேந்து எண்ணுறாய்ங்க. 'நாலு. அஞ்சு. ஆறு.'

ஆறுல நிப்பாட்டினேன். மூச்சு வாங்குறதுக்குத்தான்.

பின்னாடி இருந்து 'ஏழு'ன்னு ஒரு குரலு.

அவதான். முனீஸ்வரி. தண்ணிக் கொடத்தோட நிக்கிறா. எப்ப வந்து நின்னான்னு தெரியல. கத்தல, கூப்பாடு போடல. தறி ஓடயில அவ வீட்டுக்குள்ள எப்படி எண்ணுவாளோ அதே குரலு. எனக்கு அந்த நேரத்துல தோணுனது என்ன தெரியுமா? நம்ம பேசினது கொஞ்சம் கட்டையாப் போச்சு, அவ குரல்ல இன்னும் காத்து அதிகம்னு தோணுச்சு.

சனம் ரெண்டாப் பிரிஞ்சுச்சு. வழி விட்டுச்சு. அவ நேரா எம் முன்னாடி வந்து நின்னா. கொடத்த இறக்கி வச்சா. 'அண்ணே, கேக்குமா?'ன்னா.

நான் என்ன சொல்ல? 'தறிக்காரவுகளுக்குக் கேக்கும்மா'ன்னேன்.

'எல்லாருக்குமா?'

தெருவ ஒரு சுத்துப் பாத்தா. ஒவ்வொரு மூஞ்சியா. எவனும் நிமிரல. எதுத்த வீட்டுக் கெழவரு வெத்தலைப் பொட்டியத் தொறந்து மூடுறாரு. அப்புறம் ஜெசிந்தா மேடத்துக்கிட்டப் போயி, 'நான் உங்ககூட வாரேன்'ன்னா. செருப்புக் கூடப் போடல. அந்த மேடமும் ஒரு கேள்வி கேக்கல, தோள்ல கிடந்த துண்ட எடுத்து அவ மேல போத்திக் கூட்டிட்டுப் போயிட்டாக. போறதுக்கு முன்னாடி எங்க எல்லாரையும் பாத்து, இந்தா இப்படி, வாத்தியாரம்மா மாதிரி: 'பக்கத்து வீட்ல சத்தம் கேட்டா நூத்தி எம்பத்தொன்னுக்கு போன் போடுங்க. உங்க பேரச் சொல்ல வேண்டாம். கேட்டா போதும், கூப்பிடலாம்.' இத மொதல்லயே வந்து சொல்லியிருக்கக் கூடாதா? பேரு சொல்ல வேண்டாம்னு எங்களுக்குத் தெரியாதே. வீட்டுக்கு வந்து குருவம்மாகிட்ட இதச் சொன்னேன். 'தெரிஞ்சிருந்தா?'ன்னா. அம்புட்டுதான் கேட்டா. இப்பல்லாம் ஒத்த வார்த்தையிலதான் பேச்சு.

அன்னைக்குப் புள்ளை பள்ளிக்கூடத்துல இருந்துச்சு. முனீஸ்வரி போயிக் கூப்பிடுறதுக்குள்ள தனபாலன் தூக்கிட்டுப் போயி அவன் தங்கச்சி வீட்டுல விட்டுட்டான். ஏழு மாசம் கண்ணுல காட்டல. 'என் பொண்டாட்டிக்குப் புத்தி சரியில்ல, அவளே விழுந்து அடி பட்டுக்குவா, புள்ளைய எப்படி அவகிட்ட விட'ன்னு கேசு. தெருவுல எவனும் சாட்சிக்கு வர மாட்டேன்னுட்டான். கமிட்டிப் பொருளாளருல்ல. என்னையத்தான் வந்து கேட்டாக. ஏன்னா நான்தான் ஊரறிய நடிச்சுத் தொலைச்சுட்டேன். டீக்கடையில இப்ப நான் போயி உக்காந்தா பேச்சு நின்னு போகுது அண்ணாச்சி. 'ரேடியோ வந்துட்டான், வாய மூடு'ங்கிறாய்ங்க. சிரிச்சவுக அவுகதான். கெட்டவன் நானு.

சரி, இன்னைக்குக் கதைக்கு வாரேன். காலையில மொதல்ல அவளக் கூண்டுல ஏத்தினாக. ஜட்ஜம்மா கேக்குறாக, 'ஏம்மா, பதினோரு வருசம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?' அவ சொல்லுறா: 'கத்து, தறிச் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்காதுன்னு சொல்லுவாரும்மா. நானும் அப்படித்தான் நெனச்சேன். கேக்கலன்னுதான் எல்லாரும் எங்கிட்டச் சாதாரணமாப் பேசுறாங்கன்னு நெனச்சேன்.' அப்புறம், 'முட்டை வாங்கப் போனா எண்ணும்மான்னு சொல்லிச் சிரிப்பாங்க. இந்த ஊர்ப் பேச்சு போலன்னு நானும் கூடச் சிரிச்சிருக்கேம்மா'ன்னா.

அழுகல. சும்மா சொன்னா. குருவம்மா எம் பக்கத்துலருந்து எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிட்டா. இதுக்கு நான் என்ன செய்ய? முட்டை வித்தவனா நானு?

அடுத்து என்னையக் கூப்பிட்டாக. நான் ஒழுங்காச் சொன்னேன். பெல்ட்டு, மோரு, எண்ணிக்கை, எல்லாம். அதுக்குப் பெறகு தனபாலன் பக்கத்து வக்கீலு எந்திரிச்சாரு. தொண்டையக் கனைச்சுக் கனைச்சுப் பேசுவாரு, தவளை மாதிரி. 'உம்ம ஊர்ல ரேடியோன்னு கூப்பிடுறாங்களாமே. க்ரூம். என்னை மாதிரிப் பேசிக் காட்டும் பாப்போம்.' விடுவமா? 'க்ரூம், கனம் நீதிபதி அவர்களே, க்ரூம்'ன்னேன். கோர்ட்டே சிரிச்சுப்புடுச்சு. வாசல்ல நின்ன போலீசு தொப்பியக் கழட்டிட்டுச் சிரிக்கிறாரு. எனக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு குளுந்து போச்சு.

வக்கீலு சிரிக்கல. 'பாத்தீங்களாம்மா. அஞ்சு நிமிசம் பாத்த என்னையே இப்படிப் பேசுறாரு. என் கட்சிக்காரர் பேசாததப் பேசினதா இவரு உண்டாக்க எவ்வளவு நேரமாகும்?' அடுத்த போடு: 'பதினோரு வருசம் கேட்டீரே, ஒரு தடவை கதவத் தட்டினீரா?' இல்ல சார். 'போலீசுக்குச் சொன்னீரா?' இல்ல சார். 'அவ தாய் தகப்பனுக்கு ஒரு கடுதாசி?' இல்ல சார். 'ஒரு பொம்பளை இப்படி அடி வாங்குறது காதுல விழுந்தா மனுசனாப் பொறந்தவன் சும்மா இருப்பானா? நீரு சும்மா இருந்தீரு. அதனால, ஒன்னுமே உம்ம காதுல விழல. சரிதானே?'

என்ன கேள்வி பாத்தீகளா. ஆமான்னா புள்ளை போச்சு. இல்லன்னா நான் மனுசன் இல்ல. முனீஸ்வரி தலை குனிஞ்சு உக்காந்திருக்கா. தனபாலன் என்னையப் பாத்து, அதே இளநிச் சிரிப்பு. நான் சொன்னேன், 'சும்மா இல்ல சார். நடிச்சுக் காமிச்சேன்.'

'அப்ப எல்லாம் நடிப்பு'ன்னாரு. உக்காந்துட்டாரு.

முடிஞ்சு போச்சுன்னுதான் நெனச்சேன். அப்பப் பின்னாடி பெஞ்சுலருந்து ஒரு சத்தம். 'கேட்டுச்சும்மா. கேட்டுக்கிட்டேதான் சும்மா இருந்தோம்.' யாருங்கிறீக? என் பொண்டாட்டி. ரேசன் கடையில கூட எட்டிப் பேசாதவ. ஜட்ஜம்மா கண்ணாடியக் கழட்டிட்டு 'யாரும்மா நீ'ங்கிறாக. 'இந்தாளு சம்சாரம்'ங்கிறா. இந்தாளாம்.

முனீஸ்வரி பக்கத்து வக்கீலம்மா உடனே எழுதிக் குடுத்து, சாப்பாட்டுக்குப் பெறகு இவளையும் கூண்டுல ஏத்திட்டாக. கரண்டியச் சொன்னா. நான் பிடுங்குனதச் சொன்னா. ஆணியச் சொன்னா, காலண்டரச் சொன்னா. தவளை வக்கீலு மறுபடியும் அதையே கேட்டாரு, 'மனுசப் பொறப்பு சும்மா இருக்குமா'ன்னு. 'இருந்தோமே'ன்னா. 'அது எங்க அசிங்கம். அதுக்காக அவ வாங்குன அடி இல்லன்னு ஆயிருமா? ஆணி இன்னும் செவுத்துல இருக்கு, யார வேணா அனுப்பிப் பாருங்க'ன்னா. ஜட்ஜம்மா தலை குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தாக. தனபாலன் சிரிப்பு போயிருச்சு. மூணரைக்கு உத்தரவு. கேசு முடியிற வரைக்கும் புள்ளை தாய்கிட்ட இருக்கணும். அத்தைகூடக் கோர்ட்டுக்கு வந்திருந்த புள்ளைய அங்கயே அவ கையில குடுத்தாச்சு. அவன் பாக்கணும்னா உதவி மையத்துல வச்சுத்தான் பாக்கணும். அவ இருக்குற பக்கமே போகக்கூடாது.

ஆக, செயிச்சாச்சு. செயிச்சும் அண்ணாச்சி எனக்கு வயித்தெரிச்சலு. முனீஸ்வரி சாப்பாட்டு நேரத்துல டிபன் பாக்ஸத் தொறந்து பாதியக் குருவம்மா பக்கம் தள்ளினா. ரெண்டு பேரும் தின்னாக. நான் எதுக்க நின்னேன். 'சாப்டீகளாண்ணே'ன்னு ஒரு சொல்லு? நான் நாடகம் போடலன்னா அவ இன்னைக்கும் அந்த வீட்டுல எண்ணிக்கிட்டு இருப்பா. இல்லையா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. என்ன, நீங்களும் முன்னாடியே பாத்துக்கிட்டு இருக்கீக.

ஆமா, அந்த மூணு பேரு அவுகதான். நடுவுல உக்காந்திருக்கா பாருங்க, மஞ்சச் சேலை, அதான் முனீஸ்வரி. சன்னலோரம் புள்ளை. இந்த பஸ்சு சாயல்குடிக்குத்தான போகுது, அங்க அவ அக்கா வீட்டுப் பக்கத்துல மேடம் ஒரு ரூம்பு பாத்துக் குடுத்திருக்காக. தையக்கடையில வேலை. குருவம்மாவும் கூடப் போறா, நாலு நாளைக்கு. 'சோறு குக்கர்ல இருக்கு, நீங்க எறங்கிக்கங்க'ன்னுட்டா. புள்ளைகிட்ட கோர்ட்டு வாசல்லயே, 'கனிஷ்கா, பூனை'ன்னு மியாவ் போட்டேன். அம்மா முதுகுக்குப் பின்னால போயிருச்சு. ஏழு மாசத்துல மறந்திருக்கும். சின்னப் புள்ளைதான.

ஆனா தனபாலன் குரலு மட்டும் எனக்கு இன்னும் அச்சு அசலா வரும். இன்னைக்கு அவன் நேருக்கு நேரா உக்காந்திருக்கயில கேட்டேனா, முந்தி நான் பேசினதுல ஒரு சின்னக் கொறை இருந்துச்சு, இப்பப் பிடிச்சுட்டேன். மூச்ச முன்னாடியே விட்டுரணும். கேளுங்க. 'எண்ணும்மா.' பாத்தீகளா? இன்னொருக்கா, 'எண்ணு...'

இந்தா, குருவம்மா எந்திரிச்சு வாரா. என்னதான் கோவம்னாலும் நான் எறங்கயில வந்து சொல்லிட்டுப் போவான்னு தெரியும் எனக்கு. வா, வா, கம்பியப் பிடிச்சுக்க. என்ன? நானா? அண்ணாச்சிகிட்ட மெல்லத்தான பேசிட்டு வாரேன். புள்ளையா? காதப் பொத்திக்கிட்டு இருக்கா? எப்பருந்து? ஏறுனதுலருந்தா? அடி போடி. அது அந்தக் கோடியில உக்காந்திருக்கு, நான் இந்தக் கோடியில உக்காந்திருக்கேன். இந்தப் பஸ்சு எரையிற எரைச்சல்ல அதுக்கு எங்கிட்டுக் கேக்கப் போகுது.

போயிட்டா.

என்ன சொல்லிட்டுப் போறா, கேட்டுச்சா உங்களுக்கு? 'அது தறித் தெருவுல பொறந்த புள்ளை'ன்னுட்டுப் போறா.

கொஞ்சம் எந்திரிங்க அண்ணாச்சி. எறங்கணும். இல்ல, ஸ்டாப்பு இன்னும் வரல, தெரியும். போயிப் படிக்கிட்ட நிக்கிறேன். முன்பக்கம் வேண்டாம். பின்பக்கமே எறங்கிக்கிறேன்.